ஒரு மார்க் பிழை

வோய்டெக் போய் மூன்று கிழமை.
ஷவருக்குக் குழாய் வந்துவிட்டது,
தண்ணீர்தான் வரவில்லை.
கூடத்தில் ஒரு பல்ப்
தன் இரண்டு வயரையும் பிடித்துத் தொங்குகிறது,
கீழே வுப்பர்டால் பள்ளத்தாக்கில் ஓடும்
தொங்கு ரயிலுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி.

வங்கியில் மிச்சம் இருநூற்றுப் பதினொரு யூரோ.
சம்பளத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.
"இப்போதைக்கு இப்பிடியே இருப்பம்"
என்கிறார் தவநேசன்
சீமெந்துப் பையில் குந்தியிருந்து சோறு தின்றபடி.
இருக்கலாம்தான்.
ஆனால் ஞாயிற்றுக்கிழமை
சூரிச்சிலிருந்து மச்சாள் வருகிறாள்.
அவளுக்குக் கண்ணில்லை, அளவுநாடா.

கழற்றி வைத்த படுக்கையறைக் கதவை
இரண்டு மரக்குதிரைகளில் கிடத்தினேன்.
மேசை.
கைபிடியின் திருகு துருப்பிடித்துக் கிடந்தது, விட்டுவிட்டேன்.
அன்றிலிருந்து ஆரபி
சாப்பிட இருக்கும் முன் தட்டுகிறாள்:
"உள்ளுக்கு வரலாமா?"
பருப்பிடமிருந்து பதில் இல்லை.

கட்டடச் சாமான் கடையின் கடைசி அடுக்கில்
பிழையாகக் கலந்த பெயின்ற் வாளிகள்,
ஒன்று ஏழு யூரோ.
யாரோ ஏதோவொரு பச்சை கேட்டிருக்கிறார்,
கிடைத்தது இது,
முருங்கையிலைக்கும் பழைய ஆஸ்பத்திரிக்கும் நடுவில்.
எங்களுக்கு ஒரு சுவரும்
அடுத்த சுவரில் இடுப்பளவும் வந்தது.
டேப் ஒட்டி, மூச்சைப் பிடித்து,
முடிந்த இடத்தை நேராக்கினேன்.
நேர்கோடு ஒன்று விழுந்தால்
பற்றாக்குறைகூடத் திட்டம் போலத் தெரிகிறது.

புதன் இரவு
எங்கள் மேட்டுத் தெரு தன் பழசையெல்லாம் வாசலில் கொட்டும்.
நகரசபை லொறி விடிய ஆறுக்கு.
அதற்கு முன்னே நாங்கள்,
தலையை மூடிக்கொண்டு, அறிந்த சனம் காணாதபடி.
ஒரு விளக்குக் குடை.
மூன்று கால் கதிரை ஒன்று.
கண்ணாடி போன படச் சட்டம்,
பொன் பூச்சு, மூலையில் எலி கொஞ்சம் ருசி பார்த்தது.
சந்தியில் இன்னொரு கைவண்டி.
தள்ளி வந்தவள் முதலாம் மாடி ஃபிராவ் ஓஸ்டர்காம்ப்,
பல் வைத்தியர்.
இருவரும் வணக்கம் சொல்லவில்லை.
எங்கள் கதிரையைப் பார்த்தாள்,
தன் வண்டிக்குள் துழாவினாள்,
நாலாவது காலை எடுத்து நீட்டினாள்.

மிஞ்சியது தெருப் பக்கச் சுவர்.
வெந்நீரும் சுரண்டியும்.
வெள்ளைத் தோல், அதற்குள் செம்மஞ்சள் வட்டங்கள்,
அதற்குள் மண்ணிறப் பூ, அதற்குள் வெறும் கோடு,
பிறகு காரை.
காரையில் பென்சில்:

14 ரோல் × 3,85 = 54,90
கிளாம்ரோத், மார்ச் 1968

பேக்கரியில் காசு எண்ணுகிறவள் நான்.
மனம் தானாகவே பெருக்கியது.
ஐம்பத்து மூன்று தொண்ணூறு.
ஒரு மார்க் பிழை.
யார் பக்கம் போனது அந்த மார்க்?
கிளாம்ரோத் வீட்டுக்காரனா, ஒட்ட வந்தவனா?
இத்தனை வருஷம், நாலு காகிதத்துக்கு அடியில்
பிடிபடாமல் இருந்திருக்கிறது.
திருத்தலாமென்று பென்சிலை எடுத்தேன்.
வைத்துவிட்டேன்.
படச் சட்டத்தைக் கொண்டுவந்து
அதைச் சுற்றி நாலு ஆணி.

"காசு வந்தால் பூசவேண்டிய சுவரடி" என்றார் தவநேசன்.
"வரட்டும்" என்றேன்.

மச்சாள் வந்தாள்.
பச்சையைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.
ஆரபி சொல்லிக்கொடுக்க மேசையைத் தட்டினாள்.
பிறகு சட்டத்துக்கு முன்னால் நின்றாள்,
உதடு மெல்ல அசைந்தது.
"இது பிழையெல்லே?"
ஷவரைப் பற்றிக் கேட்க மறந்தே போனாள்.

திங்கள் வோய்டெக் வந்தான், கையில் பில்லோடு.
அவனும் அங்கேதான் நின்றான்.
அவன் உதடு போலிஷில் பெருக்கியது.
திரும்பவும் பெருக்கியது.
பிறகு தன் பில்லை விரித்து
மேலிருந்து கீழே ஒருதரம் விரலால் நடந்து,
மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.
"நாளைக்குக் கொண்டுவாறன்" என்றான்.