ஒரு வளைவு குறைகிறது

காரை விற்றாயிற்று.
நுவரெலியாவில் கல்யாணப் படம் பிடிக்கிற ரணவீர
முன்பணமும் கொடுத்துவிட்டார்.
லொறியில் ஏற்றி அனுப்பியிருக்கலாம்.
"அப்பாவோட காரு, அதுவா ஏறட்டும்"
என்றான் தியாகு அண்ணன்.

கம்பளையில் பெற்றோல் போட்டோம்.
ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், பாசிப் பச்சை.
கதவைச் சாத்தினால் இன்னும் அதே சத்தம்:
பலாக்காய் ஒன்று தரையில் விழுவதுபோல.

புசல்லாவை தாண்டியும் அண்ணனுக்கு வாய் ஓயவில்லை.
இந்தக் கடையில்தான் அப்பா மாசிக்கருவாடு வாங்குவார்,
இந்த மதகில்தான் ஹயர் வந்த கங்காணி வாந்தி எடுத்தார்,
பூ விற்கிற பொடியன்கள், ஞாபகம் இருக்கா?
இறங்கும்போது ஒரு வளைவில் வாங்காவிட்டால்
சரிவில் குறுக்கே விழுந்தடித்து ஓடி
அடுத்த வளைவில் நமக்கு முன்னால் நிற்பான்களே,
அதே பூ, இன்னும் கொஞ்சம் மூச்சோடு?

எனக்கு ஞாபகம் இல்லை.
இந்தக் காரில், இந்த வழியில்
நான் ஒரே தடவைதான் வந்திருக்கிறேன்.
பிறகு எங்கே போனாலும் அட்டன் வழி, ரயில்.

எண்பத்து மூன்று, ஆடி, ராத்திரி.
பின்சீட்டுக்குக் கீழே லீக்ஸ் மூட்டை.
மூட்டைக்குக் கீழே ஒன்பது வயது.
முதுகில் அம்மாவின் வெறுங்கால்.
வலப்பக்கம் திரும்பும் முன் பெருவிரல் அழுத்தும்,
இடம் என்றால் குதிகால்.
அப்படித்தான் இந்தப் பாதையைப் படித்தேன்.
லபுக்கலை எனக்கு ஒரு குளிர்.
றம்பொடை ஒரு தண்ணீர்ச் சத்தம்.
அங்கே கார் நின்றது.
"மேவா மொனவாத?"
"லீக்ஸ், மாத்தயா. கம்பளைக்கு."
முன்சீட்டில் அண்ணன், பன்னிரண்டு வயது,
சிங்களம் அவனுக்குக் குழாய்த் தண்ணீர்.
லீக்ஸ் நான் இன்றுவரை சமைப்பதில்லை.

இன்றைக்கு ஏற்றம்.
அன்று குதிகால் பட்டதெல்லாம் இன்று பெருவிரல்.
கண்ணை மூடிக்கொண்டு பின்னோக்கி எண்ணினேன்.
"தூங்குறியா?"
"இல்ல, எண்ணுறேன்."
கம்பளையிலிருந்து முதல்முறையாக
அண்ணன் பேச்சை நிறுத்தினான்.

தண்ணீர்ச் சத்தம் வந்தது.
முதுகு தானாகக் குறுகியது.
வளைவு வரவில்லை.
காது அடைத்தது, ஈரச் சிமெந்து வாடை,
நேரே, நேரே, வெளிச்சம்.
கண்ணைத் திறந்தேன்.
"டனல். வெட்டி எவ்வளவோ காலமாச்சு.
பழைய ரோட்டு வெளியால, பாறைய ஒட்டிப் போகும்."

சுரங்கத்துக்கு அப்பால் ரேடியேட்டர் கொதித்தது.
அருவித் தண்ணீரைக் கேனில் பிடித்து வந்தவன்
பொனெட்டுக்குள் தலையை விட்டபடியே சொன்னான்:

"ரெண்டு பேரு நின்னானுங்க.
ஒருத்தன் டோர்ச் அடிச்சான்.
ஒன் காலு வெளிய தெரிஞ்சிச்சி.
அவன் பாத்தான்.
நான் பாத்தத அவனும் பாத்தான்.
போ-ன்னு கதவத் தட்டுனான்."

நாற்பது வருஷம்.
அம்மாவுக்கும் சொல்லவில்லையாம்.
ஆவி அடங்கும்வரை
எந்தக் கால் என்று கேட்க நினைத்தேன்,
கேட்கவில்லை.
பழைய ரோட்டில் சற்று நடந்து பார்த்தோம்.
புல், ஒரு சோளப் பொத்தி, யாரோ காயப்போட்ட போர்வை.
எந்த இடம் என்று அவனுக்கும் சரியாகத் தெரியவில்லை.

மீதி வழி நான் ஓட்டினேன்.
கியர் மாற்றும்போதெல்லாம் அண்ணன் பல்லைக் கடித்தான்.

ரணவீர காரைச் சுற்றி வந்து
குறை ஏதும் உண்டா என்று கேட்டார்.
"ஏத்தத்துல கொஞ்சம் சூடாகும்" என்றான் அண்ணன்.
பின்சீட்டுக்குக் கீழே நல்ல இடம் இருக்கிறது என்று
என் உடைந்த சிங்களத்தில் நான் சொன்னேன்.
குனிந்து பார்த்தார், திருப்தி.
பூங்கொத்துகளை அங்கே வைக்கலாம் என்றார்.