ஆற்றின் அகலம்

அம்மாவின் கேள்வி இன்னும் தீரவில்லை:
"ஈசூனிலிருந்து ஒரு மணி நேர எம்ஆர்டி.
அதுக்கு எதுக்கு விடுதி?"
சேர்ந்து தங்குவதும் இங்கே பாடத்தில் சேர்த்தி என்றேன்.
"தூங்குறதுக்கும் மார்க்கா?" என்றாள்.

பதினேழாம் மாடி. ஆறு அறைக்கு ஒரு சமையல் மேடை.
ஃபிரிட்ஜில் நூரஃபிகா பச்சை டேப் ஒட்டிய தட்டு,
அதற்குக் கீழ் என் தயிர்,
அதற்கும் கீழ் கிளாரிசாவின் முட்டைகள்,
ஒவ்வொரு முட்டையிலும் மார்க்கரில் அவள் பெயர்.
கின் தண்டார் தட்டு எதுவும் கேட்கவில்லை.
அவள் பொருளெல்லாம் அறையில், ஒரே பெட்டியில்,
இன்றே கிளம்பு என்றால்
லிஃப்டுக்கு மட்டும் காத்திருப்பவள்போல.

வகுப்பு எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே.
ஈரத்தலையோடு, ரப்பர் செருப்போடு போகலாம்.
'தண்ணீரும் எல்லைகளும்': பதின்மூன்று வாரம்,
நடுவில் ஒன்பது நாள் பயணம்,
விமானச் செலவு கல்லூரியுடையது.
படிவம் வந்தது. கடவுச்சீட்டு
ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும்.
அவளுடையதில் நான்கு இருந்தது.
புதுப்பிக்கலாமே என்றாள் கிளாரிசா.
"புதுப்பிக்கப் போனால்
வேறு கேள்விகள் கேட்பார்கள்"
என்று சொல்லி, கின் தண்டார்
மேகி பொட்டலத்தை இரண்டாக உடைத்தாள்.

டாக்டர் ஓங் நல்லவர்.
இங்கேயே இருந்து ஒரு கட்டுரை எழுதட்டும் என்றார்,
அதே நான்கு கிரெடிட்.
அவள் மூன்று முறை நன்றி சொன்னாள்.

நாங்கள் போவது மே சோட்.
தாய்லாந்தின் ஓரம், மோய் ஆற்றின் இக்கரை.
அக்கரையில் தன் வீடு என்பதை
மூட்டை கட்டும் இரவில்தான் சொன்னாள்,
அடுத்த பஸ் நிறுத்தத்தைச் சொல்வதுபோல.
பொறியியல் கூடத்தில் கையெழுத்திட்டு வாங்கிய
லேசர் அளவியை என் கையில் வைத்தாள்.
"படம் வேண்டாம். அகலம் மட்டும்."

பிப்ரவரி. ஆற்றில் முழங்கால் தண்ணீர்.
எங்களிடம் கேள்வித்தாள்கள், தொப்பிகள்,
ஒரே நிறத்தில் கல்லூரி டீஷர்ட்.
எதிர்க்கரையில் ஒருத்தி போர்வையை அலசிக்கொண்டிருந்தாள்.
அவளுக்குப் பின்னால் இருந்த சுவரில்தான்
சிவப்புப் புள்ளி விழ வேண்டும்.
அவள் நிமிர்ந்து பார்த்தாள்.
கை கூசியது. இரண்டாம் முறையும் அளந்தேன்,
முதல் முறை கை நடுங்கியதால்.

நாற்பது புள்ளி இரண்டு மீட்டர்.

திரும்பி வந்த இரவு மணி ஒன்றரை.
மற்றவர்கள் உலர்ந்த மாம்பழம் பிரிக்க,
நான் அந்த எண்ணைச் சொன்னேன்.
எழுதிக்கொள்ளவில்லை அவள்.
அளவியை வாங்கி வராந்தாவுக்குப் போனாள்.
லிஃப்ட் கதவில் முதுகை ஒட்டி,
மறுகோடியில் துணி துவைக்கும் அறையின் சுவரில்
புள்ளியை வைத்தாள்.

நாற்பத்து மூன்று.

"பார், நம் வராந்தாதான் பெரிசு."
சிரித்தாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.
என்னை லிஃப்ட் பக்கம் நிறுத்திவிட்டு
எட்டு வீட்டுச் செருப்புகளைத் தாண்டி,
யாரோ உலர வைத்த குடையைத் தாண்டி
அந்தக் கோடிக்குப் போய் நின்றாள்.
பிறகு பர்மிய மொழியில் ஏதோ சொன்னாள்.
கத்தவில்லை.
சாப்பிட்டாயா என்று கேட்கும் குரல்.
அப்படியே கேட்டது எனக்கு,
ஒரு சொல்லும் புரியாமல், ஒரு சொல்லும் தப்பாமல்.

அமைதி நேரம் என்று சொல்ல
மாடிப் பொறுப்பாளர் பிரணித் கதவைத் திறந்தான்.
இரு பக்கமும் பார்த்தான்.
இங்கே நான், அங்கே அவள், நடுவில் வெறும் தரை.
என்ன நினைத்தானோ,
வெளியே வராமல் கதவைச் சாத்திக்கொண்டான்.

எண்ணூறு சொல்லில் எழுதிக் கொடுத்தேன்,
'பயணத்தில் நான் கற்றது'.
அகலத்தைப் போட்டேன். வராந்தாவைப் போடவில்லை.
பி பிளஸ். ஓரத்தில் ஓங்கின் பென்சில்:
"ஒப்பீடு ஏதாவது இருந்தால் நன்றாயிருக்கும்."

இப்போதும் துணி துவைக்கப் போகும்போது
வாளியோடு பாதியில் நிற்கிறேன்.
சுமார் இருபதாவது மீட்டர்.
தண்ணீர் முழங்கால்வரை.


டிரையரில் அவள் போர்வை சுற்றிக்கொண்டிருக்கிறது,
இன்னும் ஒன்பது நிமிடம்.