தகரம் அடிப்பவன்

கட்டபெட்டுக் கோயிலில் நேற்று
திமிர்வாதக்காரனின் கதை.
நான்கு பேர் சுமந்து வந்தார்கள்.
கூட்டத்துக்குள் நுழைய வழியில்லை.
கூரையைப் பிரித்து இறக்கினார்கள்.
போதகர் பிரசங்கத்தை நிறுத்தி
கடைசி பெஞ்சில் இருந்த என்னைக் காட்டினார்:
"நம் சபையிலும் ஒருவர் உண்டு,
மூன்று வருடமாகச் சனிக்கிழமை தவறாமல்
பாக்கியசீலன் வீட்டுக்குப் போகிறவர்."
எல்லாத் தலையும் திரும்பியது.
சுத்தியல் பட்டுக் கறுத்த என் கட்டைவிரல் நகத்தை
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தொழில் கூரை.
ஆகையால் அந்தக் கதையில்
எனக்கு வேறு சந்தேகங்கள் வரும்.
படுக்கையைத் தானே தூக்கிக்கொண்டு போனான், சரி.
வீட்டுக்காரன் என்ன சொன்னான்?
ஓட்டையை யார் அடைத்தது?
அன்றிரவு மழை பெய்திருந்தால்?
நால்வருக்கும் பெயர்கூட இல்லை வேதத்தில்.
கூலிக்குப் போகிறவர்களாக இருந்திருப்பார்கள்.
மறுநாள் விடிந்ததும் அதே நால்வரும்
மண்ணும் கழியுமாக ஏறியிருப்பார்கள்
என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.
ஐந்தாவதாக அவனும்,
புதுக் காலோடு.

பாக்கியசீலனை நாங்களும் நால்வர்தான் சுமந்தோம்,
நான், கனகமணி, பெள்ளி, பெள்ளியின் மச்சான்.
கொழுந்து மூட்டை கட்டும் படங்கில் போட்டு
தேயிலைச் சரிவில் இறக்கி
ஜீப் வரும் இடம்வரை.
மேட்டுப்பாளையம் இறக்கத்தில்
வளைவுக்கு வளைவு கேட்டான்:
"சுத்தியலை மேலேயே விட்டுட்டேன்டா,
யாராவது எடுத்தாங்களா?"
கோயம்புத்தூரில்
எழுந்து நட என்று யாரும் சொல்லவில்லை.

கனகமணி திருப்பூருக்குப் போய்விட்டான்.
பெள்ளி கேரட் போட்டுக் கடன்பட்டான், வருவதில்லை.
அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.
நான் போவதற்குக் காரணம் வேறு.

ஏணியைப் பிடித்திருந்தவன் நான்.
மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது, கை விறைத்தது.
பீடி பற்றவைக்க இரண்டு கையையும் எடுத்தேன்.
முதல் குச்சி நமுத்திருந்தது.
இரண்டாவது குச்சி பிடித்தது.
அவ்வளவு நேரம்தான்.

"என் கால்தான் வழுக்கியது" என்றான்
கேட்டவர்கள் எல்லாரிடமும்.
காண்டிராக்டரிடம், போதகரிடம்,
பொண்டாட்டி லீதியாளிடமும்.
என்னிடம் எதுவும் சொன்னதில்லை.
சவரம் செய்துவிடுவேன்,
புரட்டிப் படுக்கவைத்துப் புண்ணுக்கு மருந்து போடுவேன்,
கரடி வந்து டீக்கடை எண்ணெய்த் தகரத்தை நக்கியதைச் சொல்வேன்.
தெரியுமோ, தெரியாதோ
என்றபடியே மூன்று வருடம்.

நேற்று சாயங்காலம் போனேன்.
சனிக்கிழமை இல்லையே என்று பார்த்தான்.
பிரசங்கத்தில் என்னைச் சொன்னது
அதற்குள் அவன் காதுக்கு வந்திருந்தது. சிரித்தான்.
"சீலா, அன்னைக்கு ஏணி..." என்று ஆரம்பித்தேன்.

"பீடி நாத்தம் மேலே வந்துச்சு" என்றான்.
"விழறதுக்கு முன்னாடியே."

பிறகு வெகுநேரம் பேசவில்லை.
கீழே முட்டைக்கோசுக்குள் காட்டெருமை இறங்கியிருக்க வேண்டும்,
யாரோ டின்னைத் தட்டி விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்பு மூடும் என்று வேதத்தில் ஒரு வார்த்தை.
ஓய்வுநாள் பள்ளியில் அதை ஒப்பித்து
ஒரு பென்சில் பரிசு வாங்கினேன்.
மூடுவதுதான் என் பிழைப்பு, இருபது வருடமாக.
ஒரு சொட்டும் இறங்காத இப்படியொரு கூரையை
நான் அடித்ததில்லை.
அதன் கீழே நனையாமல் இருந்திருக்கிறேன்,
கூரை இருப்பதே தெரியாமல்.

"அவகிட்ட சொல்லட்டுமா?"
"சொல்லு. அந்த மூலையில ஒழுகுது, அதையும் பாரு."

லீதியாள் குழாயடியிலிருந்து வந்தாள்.
குடத்தை இறக்கும்வரை காத்திருந்து சொன்னேன்.
என்னைப் பார்க்கவில்லை. ஏணியைப் பார்த்தாள்.
பிறகு வந்து
இரண்டு கையாலும் பிடித்தாள்.

ஏறினேன்.
அவள் கை நடுங்குவது
படிப்படியாக என் காலுக்கு வந்தது.
உள்ளேயிருந்து அவன் குரல்:
"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்டா.
ம். அங்கதான்."