ஐந்து பன்னிரண்டு வண்டி

வூட்ஜ் நகர டிராம் டிப்போவில்
காலை நாலே கால்.
கழிப்பறைக் குழல்விளக்கு
இதுவரை யாரையும் அழகாக்கியதில்லை.

நாற்பத்தாறு வயதில்
முதல் ஃபவுண்டேஷன் புட்டி.
பட்டாணி அளவு போதும் என்றாள் கடைக்காரி.
என் பட்டாணி கொஞ்சம் பெரிது.
முகம் வெள்ளையடித்த சுவரானது,
கழுத்து மட்டும்
பக்கத்து வீட்டுக்காரியுடையது போல.

கழுவினேன். பனிக்காலத் தண்ணீர், பல் கூசியது.
மறுபடி.
இம்முறை தாடையோரம் ஒரு பொட்டு,
ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி.
தேய்க்கக் கூடாதாம்.
எதையும் தேய்த்தே துடைத்த கைக்கு
ஒற்றுவது உடனே வரவில்லை.

மஸ்காரா போடும்போது
வாய் ஏன் திறக்கிறது?
மூடிப் பார்த்தேன், கண்ணும் மூடிக்கொண்டது.
சரி, திறந்தே இருக்கட்டும்.
கன்னத்தில் விழுந்த கறுப்புப் புள்ளியை
பழைய டிக்கெட் முனையால் சுரண்டி எடுத்தேன்.

உதட்டுக்கு உதட்டின் நிறமே.
அதற்கெதற்குக் காசு என்று கேட்க
அங்கே யாருமில்லை.

வாசலில் வீட்டோல்ட், கையில் தேநீர்.
இரண்டு முறை பார்த்தான்.
"லீவில் போயிருந்தாயா, கிங்கா?
நன்றாகத் தூங்கியவள் மாதிரி இருக்கிறாய்."

ஆமாம் என்றேன்.
எங்கே என்றான்.
"கடலுக்கு."

உள்கண்ணாடியைப்
பயணிகள் பக்கம் திருப்புமுன்
ஒரு கணம் என் பக்கம் வைத்துக்கொண்டேன்.
இடப்புருவம் சற்றுத் தூக்கலாகத்தான் இருக்கிறது,
யார் சொன்னதையோ நம்பாததுபோல்.

மணியடித்தேன்.