பல் பார்த்தல்

நாட்டுக்கே ஒரு வங்கி இருந்த காலத்தில்
ஹாங்காய் மலையடியில் அதற்கு ஒரே சன்னல்.
உள்ளே நான், ரெக்ஸ்மா.
மணிச்சட்டத்தில் கூட்டுவேன்,
அரக்கு முத்திரை வைப்பேன்.
யாரும் கடன் கேட்டதில்லை.
கேட்கலாம் என்று தோன்றியதும் இல்லை.

பிறகு உலான்பாதரிலிருந்து ஆணை வந்தது.
வங்கி இனி இரண்டு அடுக்கு.
மேலடுக்கு அங்கேயே இருக்கும்.
கீழடுக்கு உடைந்து உடைந்து
எங்கள் தெருவில் மட்டும் மூன்று பெயர்ப்பலகை.
எங்களுக்குப் பழைய பலகையின் முதுகில்
புதுப் பெயர் எழுதி மாட்டினார்கள்,
அதே ஆணியில்.

வணிக வங்கி என்றால் என்ன என்றேன்.
மேலாளர் நயம்தாவா கையேட்டைப் புரட்டி
"இனி நாம் ஆட்களை நம்ப வேண்டும்" என்றார்.
சற்றுப் பொறுத்து,
"ஈடு வாங்கிக்கொண்டு."

ஈடு என்று அங்கே இருந்தது ஆடுதான்.
ஜீப்பில் போவேன். பட்டிக்குள் இறங்கி
தாடையைப் பிரித்துப் பல் பார்ப்பேன்.
தானமாக வந்த மாட்டுக்குத்தான் பார்க்கக் கூடாது,
கடனுக்கு நிற்கும் ஆட்டுக்குப் பார்க்கலாம்.
இரண்டு பல், நான்கு பல், கடைவாய் தேய்ந்தது:
படிவத்தில் மூன்று கட்டம்.

தாக்வாவுக்கு நானூற்றுப் பன்னிரண்டு உருப்படி.
நான் எண்ணி முடிக்கும்வரை
காற்றுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார்.
லாரி எஞ்சினுக்கு வாங்கிய கடனை
இரண்டே கோடையில் அடைத்தார்.
அப்புறம், காஷ்மீர் உரோமம் விற்ற பணத்தை
எங்களிடமே போட்டார்.

தலைநகரில் அந்தப் பணம்
திறக்காத சிமெண்ட் ஆலைக்குப் போனது,
ஒருவருடைய மைத்துனருக்கு,
மைத்துனருடைய ஓட்டலுக்கு.
ஈடு என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு.
அவர்கள் வாயை
யாரும் திறந்து பார்க்கவில்லை.

வியாழன் இரவு வானொலி சொன்னது.
வெள்ளிக்கிழமை கூட்டம் சன்னலை உடைத்தது.
தாக்வா வந்தது சனிக்கிழமை.
குதிரை வாயில் நுரை, நுரையில் பனி.
கத்தவில்லை.
"பட்டியைத் திற, எண்ண வேண்டும்" என்றார்.

விதிப்படி கூடாது. திறந்தேன்.
விளக்கோடு இரும்பறைக்குள் போய்
உரக்க எண்ணினார்.
காலிச் சாக்கு பதினொன்று.
ரப்பர் முத்திரை ஏழு.
செல்லாத ரூபிள், ஒரு கட்டு.
மணிச்சட்டம் ஒன்று. இரண்டு மணி குறைகிறது.
பிறகு விளக்கை என் முகத்துக்கு உயர்த்தி
"கணக்கர், ஒன்று" என்றார்.
வாயைத் திறக்கச் சொல்வாரோ என்றிருந்தது.
சொல்லவில்லை.
அதற்கு அவர் சொல்லியே இருக்கலாம்.

பத்துக்கு மூன்று வீதம்
ஒன்பது ஆண்டில் திரும்பக் கிடைத்தது அவருக்கு.

இப்போது நான் இருக்கும் வங்கிக்குக் கண்ணாடிக் கதவு.
கைபேசியில் நாற்பது நொடியில் கடன்.
ஜீப்பை விற்றுவிட்டோம்.
ஆண்டறிக்கை வரும் வாரம் தாக்வா வருவார்,
வரிசைச் சீட்டு எடுப்பார், முறை வரும்வரை உட்காருவார்.
அறிக்கையைக் கேட்டு வாங்கி
விரல் வைத்து ஒவ்வொரு வரியாக இறங்குவார்.
புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

வாராக்கடன் என்ற வரியில் விரல் நிற்கும்.
"இது கடைவாய் தேய்ந்தது" என்பார் என்னிடம்.
ஆமாம் என்பேன்.
தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்.

இதுவரை ஒரு துக்ரிக் போட்டதில்லை.
போன ஆண்டு மட்டும்
கணக்குத் திறக்கும் படிவம் ஒன்றை
நான்காக மடித்து
பூட்சுக்குள் செருகிக்கொண்டு போனார்.