பதினொரு நொடி

ஜூன் மாதம் முழுக்க
டூலேரி கவுண்டியின் துப்பாக்கிகள்
என் மேசைக்கு வந்து வாய்ப்பூட்டுப் போட்டுக்கொண்டன.

முப்பதாம் தேதி தாண்டினால் வழக்கு.
பால்பண்ணை சில்வேரா சகோதரர்கள்
இரண்டு ரைபிளைப் போர்வையில் சுற்றித் தூக்கிவந்தார்கள்,
காய்ச்சல் கண்ட கன்றைக் கொண்டுவருவது போல.
பிஸ்தாத் தோட்டத்து வார்ட்டன் கராபெடியன்
ஒன்றைக் கொடுத்துவிட்டு மூன்று தரம் விலை கேட்டார்.
அறுபத்தைந்து டாலர், வார்ட்டன்.
நேற்றும் அதேதான்.

வேலை பெரிதில்லை.
பத்துத் தோட்டா கொள்ளும் மேகசின்,
விரல் பட்டால் கழன்று விழும்.
அந்தப் பொத்தான் இருந்த இடத்தில்
கட்டைவிரல் நகமளவு உருக்கு.
இனி மேகசின் கழல வேண்டுமானால்
துப்பாக்கியின் முதுகை மடக்கித் திறக்கவேண்டும்,
மூடவேண்டும், மறுபடி குறிபார்க்கவேண்டும்.

முன்பு சட்டம் சொன்னது:
கருவியின்றிக் கழற்றக் கூடாது.
தோட்டாவின் நுனியும் கருவிதானே என்றோம்.
குத்தினோம், கழன்றது, சிரித்தோம்.
அதிகம் சிரித்தவள் நான்,
ஆயிரத்துச் சொச்சம் விற்றிருக்கிறேன்.
சட்டம் போய்விட்டு
இன்னும் நீளமான வாக்கியத்தோடு திரும்பி வந்தது.
அதைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன்.
அதில் எங்கெல்லாம் காற்புள்ளி உண்டோ
அங்கெல்லாம் ஒடிலியா பெட்டன்கோர்ட்டுக்குப் பிழைப்பு.

இருபத்தெட்டாம் தேதி மாலை
ரொட்டிக் கம்பெனிச் சட்டையோடு ஒருவர்.
பையில் எவரெட் என்று தைத்திருந்தது.
கையில் துப்பாக்கி இல்லை.

இப்போதெல்லாம் எவ்வளவு நேரம் ஆகிறது?

நாளை மறுநாள் வாங்கிக்கொள்ளலாம் என்றேன்.

அதில்லை. தீர்ந்த பிறகு. மறுபடி நிரப்ப.

போலீஸா, பத்திரிகையா என்று முகத்தைப் பார்த்தேன்.
இரண்டுமில்லாத முகம்.
போலித் தோட்டாக்களை எடுத்தேன்.
என் கை இந்த ஊரில் வேகமான கை.
அவர் போனில் பதினொரு நொடி.
இன்னொரு தரம் என்றார். பத்தரை.
பழைய மாதிரி?
சில்வேராவின் இன்னும் தொடாத இரண்டாவதை எடுத்தேன்.
இரண்டு.

எதையும் அவர் எழுதிக்கொள்ளவில்லை.

கடலோரம் ஒரு சூப்பர் மார்க்கெட், என்றார்.
ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன்.
சத்தம் நின்றது.
எழுந்து ஓடினேன், பின்கதவு ஒன்பது அலமாரி தூரம்.
நதீனும் எழுந்தாள்.
அவளுக்கு இடது முழங்கால் சரியில்லை.

கூலர் ஓடிக்கொண்டிருந்தது.
தெருமுனைப் பண்ணையின் சாண நெடி
கதவிடுக்கில் வந்துகொண்டிருந்தது.

நீங்கள் எண்ணுங்கள், என்றார், வாய்விட்டு.

எண்ணினேன்.
மேசையிலிருந்து அவர் நடந்தார்,
இடது காலை இழுத்து,
வேறொருத்தியின் நடையை
அத்தனை நாளாய் மனப்பாடம் செய்திருந்தவர் போல.
இரண்டு என்றபோது
துப்பாக்கி எண்ணெய் அலமாரியைக்கூட எட்டவில்லை.
அங்கேயே ஒரு கணம் நின்றார்.
என் வாயும் நின்றது.
நிறுத்தாதீர்கள், என்றார்.
ஐந்து. ஆறு. தொப்பிகள் தொங்கும் கம்பி.
எட்டில் கதவின் மணி அடித்தது.
பதினொன்று என்று நான் சொன்னபோது
வெயிலில் இருந்தார்,
வண்டிக் கதவில் ஒரு கை.

திரும்பி வரவில்லை. கையசைக்கவும் இல்லை.

நொடி என்றால் விரல் சொடுக்கும் நேரம்.
அன்றிரவு கடையில் தனியே உட்கார்ந்து
பதினொரு தரம் சொடுக்கிப் பார்த்தேன்.
விரல் வலித்தது.

மறுநாள் வார்ட்டன் வந்தார்,
பணத்தை எண்ணி வைத்தார், குனிந்தார்,
ஒரு கண்ணை மூடித் திறந்தார்:
இதைப் பழையபடி ஆக்க
எவ்வளவு நேரமாகும், ஒடிலியா?

நாலு நிமிஷம். ஒரே ஒரு திருகாணி.

தெரியாது, என்றேன்.
முப்பது வருஷத்தில்
அந்த மேசைக்குப் பின்னாலிருந்து
நான் சொல்லாத சொல்.