புதன்கிழமைத் துவக்கு

அறுபத்தேழில் நான் ஒரு கொள்ளைக்காரனின் காதலி.
புதன் மாலை ஐந்தே முக்கால் முதல்
ஆறேகால் செய்தி வரைக்கும்.
மற்ற நேரமெல்லாம் கோட்டை ரெலிபோன் நிலையத்தில்
இணைப்புக் கொடுப்பவள், மூன்றாம் வரிசை.

வானொலியில் ஆரும் ஆளைப் பார்ப்பதில்லை, அது ஒரு வசதி.
பிரதியில் எழுதியிருந்தது:
ஜரிகைக் கவுன், முழங்கைவரை கையுறை,
புகைக்கு நடுவே மெல்லச் சிரிக்கிறாள்.
நான் நின்றதோ வாயில் சேலையில்.
கால்மாட்டில் மதியச் சோற்றுப் பாத்திரம்.
மிச்சம் கிடந்த நெத்தலியை
மைக்குக்கு மணக்கத் தெரியாது.

நான்கு பெடியள், ஓர் இசைக்குழு, வாராவாரம் ஒரு வில்லங்கம்.
அந்த வாரம் இரவல் வாங்கிய வயலின் பெட்டிக்குள்
ஆரோ கடத்தல் தங்கத்தை வைத்துவிட்டான்.
துரத்துகிறார்கள், ஓடுகிறார்கள்,
ஓடிக்கொண்டே பாடுகிறார்கள்.
அக்கோடியன் வாசித்த பெர்ட்டஸுக்கு ஆஸ்துமா.
ஓடுகிற மூச்சு அவனுடையது, இனாம்.

என் காதலன் முக்குண்டு கபிரியேல்,
துறைமுகத்தையே நடுங்க வைப்பவன்,
சுங்கக் கந்தோரில் லிகிதர். சொந்தப் பெயர் மார்க்கண்டு.
கரப்பான் பூச்சிக்குக் கதிரையில் ஏறுகிற மனிதர்.

துவக்கு என்பது ஒரு பலகை.
ஒலிக்காரர் ஜுனைதீன் ஒரு முனையை மிதித்து
மறுமுனையைத் தூக்கி விடுவார்.
டமார்.
அன்று நேரடி ஒலிபரப்பு. பலகை நழுவிற்று.
தலையணை விழுந்த மாதிரி ஒரு பொத்.
சுடப்பட்டவன் ஒழுங்காகச் செத்துவிட்டான்.
மார்க்கண்டுதான் ஒரு கணம் யோசித்து,
"இது புதுத் துவக்கு. சத்தம் நாளைக்குத்தான் வரும்" என்றார்.
கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர்
தலையில் கைவைத்தார்.
நான் சிரித்தேன்.
பிரதியில் இல்லாத சிரிப்பு. நாடே கேட்டது.

திங்கட்கிழமை வாசலில் ஒருவர்.
ஜம்பட்டா வீதியில் அவர் நடந்தால்
கடைக்காரர் மிச்சக்காசை எண்ணாமல் கொடுப்பார்களாம்.
காவலாளி பெயர் கேட்கவில்லை.
வெள்ளைச் சாரம், எண்ணெய் வைத்து வாரிய தலை,
இடக்கையில் இரண்டு விரல் இல்லை.
வந்தது முறைப்பாட்டுக்கு.
"பகிடி நல்லம். பாட்டும் பறவாயில்லை.
ஆனா தம்பி, வெடி அப்பிடிக் கேளாது.
கதவடிக்கிற சத்தமில்லை அது. சின்னன்.
கச்சான் உடைக்கிற மாதிரி. அவ்வளவுதான்."
ஜுனைதீன் கொடுத்த தேத்தண்ணியைப் பீரிசில் ஊற்றி
ஊதி ஊதிக் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த புதன் மைக்குக்குப் பக்கத்தில் கச்சான்.
மூன்று பேர் செத்தார்கள், மூன்று கச்சான்.
வந்த கடிதங்கள் பதினொன்று.
சிலாபம், பதுளை, முருங்கன், கிராண்ட்பாஸிலிருந்து இரண்டு.
எல்லாவற்றிலும் ஒரே வரி:
துவக்குச் சத்தம் சுத்தப் பொய்.
பலகை திரும்பி வந்தது.
மிச்சக் கச்சானைப் பெர்ட்டஸ் தின்று முடித்தான்.

பதினாறு வருடம் கழித்து ஒரு ஜூலை.
வெள்ளவத்தையில், விளக்கணைத்த மேல்மாடியில்,
யன்னல்களை அலுமாரியால் மறைத்துவிட்டு
பதினேழு பேர் தரையில் இருந்தோம்.
காலி வீதிப் பக்கமிருந்து
கச்சான் உடைகிற சத்தம்.
ஒன்று. பிறகு இரண்டு, அடுத்தடுத்து.
பக்கத்து வீட்டுப் பிள்ளை என் சேலையைப் பிடித்தாள்.
"என்ன அன்ரி அது?"

"ஒண்டுமில்லை. ஆரோ கச்சான் தின்னுகினம்" என்றேன்,
கபிரியேலின் காதலியுடைய குரலில்.
அடிவயிற்றிலிருந்து, மெதுவாக,
புகைக்கு நடுவே.
புகை அன்று உண்மையாகவே இருந்தது.

அந்தக் குரலுக்கு ஒரு தடவைக்கு
ஏழு ரூபா ஐம்பது சதம் தந்தார்கள்,
முத்திரை ஒட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு.
ஒரு வவுச்சர் இன்னும் கிடக்கிறது.
வேடம் என்ற இடத்தில் ஊதா மையில்
ஆரோ எழுதியிருக்கிறார்கள்:
பெண், சில்லறை.